எடைமேடைக்காரர் வரைந்த அம்பு

பெலார்மினோவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு அவரைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்புவீர்கள்.

முப்பத்தொரு வருஷம் கம்போனராயா கூட்டுறவு ஒயின் ஆலையில் எடைமேடைக்காரராக இருந்தவர் அவர். அறுவடை நாட்களில் திராட்சை ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக வந்து அந்த மேடையில் ஏறும். அவர் சொன்ன எடைதான் எடை, அவர் சொன்ன இனிப்புதான் இனிப்பு. என் அப்பா ஒரு வருஷம் கூடைகளின் அடியில் ஈர இலைகளைத் திணித்துக்கொண்டு போனார். எங்கள் பக்கத்தில் யார்தான் செய்யவில்லை? பெலார்மினோ ஊரே பார்க்கக் கூடையைக் கவிழ்த்துக் கொட்டினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. இலைகளைத் தனியாகக் குவித்து, "இதை நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். அப்பா அதற்குப் பிறகு சாகும்வரை அந்த ஆலைப் பக்கம் தலைகாட்டவில்லை.

ஓய்வு பெற்ற பிறகாவது மனுஷன் சும்மா இருந்தாரா? யாத்திரைப் பாதையைப் பராமரிக்கிற பாதை நண்பர்கள் சங்கத்தில் சேர்ந்து, அம்பு வரைகிற வேலையை வாங்கிக்கொண்டார். மேற்கே சந்தியாகோ பேராலயத்துக்கு நடந்து போகும் யாத்திரிகர்கள் எங்கள் திராட்சைத் தோட்டங்களின் வழியாகத்தான் போகிறார்கள். சுவரிலும் கம்பத்திலும் கல்லிலும் மஞ்சள் அம்பு இருக்கும். அது காட்டுகிற பக்கம் போவார்கள். கிணற்றைக் காட்டினால் கிணற்றுக்குள் இறங்கிவிடுவார்கள், அவ்வளவு நம்பிக்கை.

வால்மொராலில் நான் ஒரு கடை வைத்திருக்கிறேன். காபி, ஒயின், முட்டை ரொட்டி, பன்றித் தொத்திறைச்சி. பாதையிலிருந்து இருநூறு அடி தள்ளி உள்ளே இருக்கிறது. அந்த இருநூறு அடிக்காக நானும் ஒரு அம்பு போட்டேன். பாதையோரம் கடை வைத்திருக்கும் எவரும் ஒருமுறையாவது இதைச் செய்திருப்பார்கள். பெலார்மினோ சாம்பல் நிறப் பெயின்ட்டோடு வந்து அதை மூடிவிட்டுப் போவார். நான் மறுபடி போடுவேன், அவர் மறுபடி மூடுவார். ஒன்பது வருஷத்தில் பன்னிரண்டு தடவை. ஒரு தடவைகூட என் கடைக்குள் வந்து சண்டை போட்டதில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவருடைய மனைவி பெனில்தே வேறு ரகம். வாயைத் திறந்தால் மூட மாட்டாள். கடைக்கு ரொட்டி வாங்க வருவாள், போக ஒரு மணி நேரமாகும். என் அம்பை அவள் புருஷன் அழித்த அன்றும் வருவாள். "அவரு அப்படித்தான், தெல்ஃபினா. கல்யாணத்துக்கு முன்னால என்னையே எடைமேடையில ஏத்திப் பாத்திருப்பாரு" என்பாள். ஊர்க் கோடியைத் தாண்டி, தோட்டங்களுக்கு நடுவில் தனியாக இருந்தது அவர்கள் வீடு. ஆனாலும் அங்கே எப்போதும் யாராவது இருப்பார்கள். மிளகாய்ப் பழம் சுடுகிற நாளில் ஊரில் பாதிப் பெண்கள் அங்கேதான். பெலார்மினோ ஒரு மூலையில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருப்பார். அவர் அங்கே இருப்பதையே நாங்கள் மறந்துவிடுவோம்.

போன அக்டோபரில், அறுவடை நடுவில், பெனில்தே போய்விட்டாள். அடக்கத்துக்கு நாலு ஊர் வந்தது. மகள் ஜெனீவாவிலிருந்து வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள். அதோடு அந்த வீட்டுக்குப் போகிற வழியை எல்லாரும் மறந்தோம். நானும்தான்.

பிப்ரவரியில் என்னுடைய இரண்டு வரிசைக் கொடிகளைக் கவாத்து செய்யப் போனபோது, கல்தொட்டி முனையில், அறுவடையின்போது இல்லாத ஒரு மஞ்சள் அம்பைப் பார்த்தேன். பாதை அங்கே ரோட்டை ஒட்டி நேராகப் போக வேண்டும். இந்த அம்பு வலதுபக்கம், தோட்டங்களுக்குள் ஏறுகிற ஒரு சந்துப் பக்கம் காட்டியது. அந்தச் சந்து ஒன்றரை கிலோமீட்டர் சுற்றி, வில்லாஃப்ராங்கா ஊருக்கு முன்னால் திரும்பப் பாதையில் வந்து சேரும். அந்தப் பக்கம் கடை கிடையாது, கோயில் கிடையாது. ஒரே ஒரு வீடு.

யார் வரைந்தது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பெலார்மினோவின் வலது தோளில் பழைய அடி, கை முழுக்க மேலே போகாது. அவர் அம்பின் மேல் கிளை குட்டையாகவும் கீழ்க் கிளை நீளமாகவும் இருக்கும். என் வாசலிலிருந்து ஒன்பது வருஷமாக அந்தக் கையைப் பார்த்து வயிறு எரிந்தவள் நான், எனக்குத் தெரியாதா?

சந்தோஷப்பட்டேன். ஒளிப்பானேன்? அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டருக்கு யாத்திரிகர்கள் குவிவதற்கு முன், மார்ச்சில் ஒரு நாள், கம்போனராயாவிலிருந்து வில்லாஃப்ராங்கா வரை நடந்து, மங்கிய அம்புகளைத் திரும்பத் தீட்டுவது, பொய் அம்புகளை மூடுவது. வரைகிறவர் ஒருவர், சாட்சி ஒருவர். சாட்சி நோட்டில் எழுத வேண்டும்: எந்த இடம், என்ன செய்தது, பொய் அம்பென்றால் யார் போட்டது. பிறகு இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முந்தைய சங்கக் கூட்டத்துக்குக் கடைக்காரர்களும் போவோம். இந்த வருஷக் கூட்டத்தில் நான் எழுந்தேன்.

"கல்தொட்டி முனையில யாரோ புதுசா ஒரு அம்பு போட்டிருக்காங்க" என்றேன்.

தலைவர் ஓவிதியோவுக்கு ஆச்சரியம். "அந்தப் பக்கம் யாரு கடை இருக்கு?"

"கடையே இல்லையே. அதான் எனக்கும் விளங்கல" என்று பெலார்மினோவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குனிந்து குறித்துக்கொண்டார். "கல்தொட்டி முனை. மூடணும்" என்று வாய்விட்டுப் படித்தார்.

"இந்த வருஷம் சாட்சிக்கு நான் போறேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த மனுஷன் தன் அம்பைத் தன் கையாலேயே என் முன்னால் மூட வேண்டும். யார் போட்டது என்று நான் கேட்பேன், அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

குறித்த நாளில், காலை எட்டு மணிக்குக் கம்போனராயாவில் சரியான மூடுபனி. பெலார்மினோ ஆலையின் வாசலில் நின்றிருந்தார். பழைய எடைமேடையை எடுத்துவிட்டு அங்கே சிமென்ட் போட்டிருக்கிறார்கள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இடது கையில் மஞ்சள் டப்பா, சாம்பல் டப்பா இரண்டும் தொங்கின, தோளில் ஒரு பை.

"சாப்பாடு கொண்டாந்தியா?" என்றார்.

"கடைக்காரிகிட்ட கேக்குற கேள்வியா இது?"

அதோடு பேச்சு முடிந்தது. நாற்பது நிமிஷம் நடந்தோம், இரண்டு பேர் வாயிலும் கொழுக்கட்டை. பாதையின் இரண்டு பக்கமும் இலையில்லாத கொடிகள், முட்டி முட்டியாக. நூறு வயசுக் கொடிகள் எங்கள் பக்கத்தில் சாதாரணம். மங்கிய அம்பு வந்தால் நிற்பார், டப்பாவைத் திறப்பார், மூன்று இழுப்பு, மூடுவார், நடப்பார். நான் எழுதுவேன். எனக்குப் பேசாமல் இருந்து பழக்கமில்லை. கடையில் எனக்கு நாளெல்லாம் பேச்சுதான், பாதி நேரம் வாயை மூடமாட்டார்களா என்றிருக்கும். அன்று காலையில் யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று தோன்றிவிட்டது.

காகபெலோஸ் ஊருக்கு முன்னால், எங்களுக்குப் பழக்கமான ஃபாபியான் தன் தோட்டத்தில் கவாத்துக் குச்சிகளைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தான். தணலின் மேல் தொத்திறைச்சி. எங்களைப் பார்த்ததும் கவைக்கோலைக் கீழே போட்டான்.

"மாதாவே! என்ன இது, பூனையும் எலியும் ஜோடி போட்டு நடக்குது?"

"எலி யாருன்னு சொல்லு, அப்புறம் சிரிக்கிறேன்."

"உன் அம்பை அழிக்கிறவரை நீயே கூட்டிட்டுப் போற. தன் கோழியைத் தானே பிடிச்சுக் குடுக்குறவளை இன்னைக்குத்தான் பாக்குறேன்." ரொட்டியில் இறைச்சியை வைத்து எங்களிடம் நீட்டினான். பெலார்மினோவைப் பார்த்ததும் குரல் மாறியது. "உங்களைப் பாக்கவே முடியல. ஒருநாள் அந்தப் பக்கம் வரணும்."

"வா."

"வரேன், வரேன். இந்தக் கவாத்து முடியட்டும்."

"அறுவடை முடியட்டும்னு அப்ப சொன்னே."

அதில் குறை இல்லை, கோபம் இல்லை. எடையைச் சொல்வதைப்போலச் சொன்னார். ஃபாபியானுக்குத் திடீரென்று புகை மூக்கில் ஏறி இருமல் வந்துவிட்டது.

காகபெலோஸைத் தாண்டியதும் பனி விலகியது. பதினோரு மணிக்கு வால்மொரால் வந்தது. என் ஊர், என் அம்பு. பெலார்மினோ நின்று விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தெல்ஃபினா."

"என்ன?"

"ஒட்டுது. எப்போ போட்ட?"

"ஞாயித்துக்கிழமை. சாட்சிக்கு வரோமே, உங்களுக்கும் வேலை வேணாமா?"

மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அவர் சிரித்தார் என்று பிறகுதான் புரிந்தது. சாம்பல் டப்பாவைத் திறந்து பொறுமையாக மூடினார். "உன் அம்பு நல்லா இருக்கும். நேரா இருக்கும். என்னோடது கோணலாப் போயிடும்."

"அப்ப ஏன் அழிக்கிறீங்க?"

"பொய்யாச்சே."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. 'உங்களோடது?' என்று அங்கேயே கேட்டிருக்கலாம். அவசரப்படாதே, இன்னும் இரண்டு மணி நேரம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதின்மூன்றாவது தடவை என்று நோட்டில் எழுதி, என் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஊரைத் தாண்டி ஒரு தோட்டத்துக் கல்சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் உருளைக்கிழங்கு போட்ட முட்டை ரொட்டியும் சுட்ட மிளகாய்ப் பழமும் கொண்டுவந்திருந்தேன். அவர் பையிலிருந்து காய்ந்த மாட்டிறைச்சி வந்தது. மெல்லிய துண்டுகளாக வெட்டி அடுக்கி, பத்துப் பேர் தின்னலாம்போல இருந்தது. கூடவே ஊசி, நூல், பிளாஸ்டர், ஒரு சின்ன பாட்டில் டிங்சர்.

"இதெல்லாம் எதுக்கு? யாருக்கு ஆபரேஷன்?"

"கால்ல கொப்புளம் வந்தா நூல் கோத்து விடணும். நேத்து ஒரு கொரியாக்காரப் பொண்ணு. ரெண்டு குதிகாலும் போச்சு. பாவம், இருபது வயசு இருக்கும். வீட்டு வாசல் பெஞ்சுல உக்கார வச்சேன். ஊசியப் பாத்ததும் அழுதா. அப்புறம் சிரிச்சா. அவ பாஷையில என்னமோ நீளமாச் சொன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என் பாஷையில சொன்னேன். இந்தத் தண்ணி நல்ல தண்ணி, குடின்னேன். அந்த மூணு வரிசைக் கொடி பெனில்தே நட்டதுன்னேன். தலையாட்டுவாங்க. புரியாட்டியும் ஆட்டுவாங்க." இறைச்சியைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் பேசினார். "போன வாரம் ஒரு போலந்துக்காரன், பாதிரி மாதிரி இருந்தான். மழைக்கு ஒதுங்கினான். ஒரு மணி நேரம் இருந்தான். அடுப்புக்குக் குச்சி உடைச்சுக் குடுத்தான், நான் சொல்லவே இல்ல. கிறிஸ்துமஸ் அன்னைக்கு ரெண்டு பேர் வந்தாங்க. அன்னைக்கு நான் சூப் நெறைய வச்சிருந்தேன்."

என் ஆயுசில் அவர் வாயிலிருந்து இத்தனை வார்த்தைகளை நான் கேட்டதில்லை.

"தினம் எத்தனை பேர் வருவாங்க?"

"நேத்து ஏழு. முந்தாநாள் மழை, ஒருத்தர்தான். அவரு நிக்கல. ஜன்னல்ல கையாட்டினேன், பாக்கல." சொல்லிவிட்டுத் தன் பேச்சு எங்கே போய்விட்டது என்று அவருக்கே உறைத்தது. ஷூவைப் பார்த்தார். "வழி தப்பி வருவாங்கபோல. சில பேர்."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. குழந்தைகூட அதைவிட நன்றாகச் சொல்லும்.

"இருக்கும்" என்றேன். கையிலிருந்த மிளகாய்ப் பழத்தைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தேன். ஒரு மாசமாக நான் ஆசை ஆசையாகக் காத்திருந்த அந்த முனை இன்னும் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. எனக்கு அங்கே போக வேண்டாம்போல ஆகிவிட்டது. எனக்கும் வீட்டில் யாருமில்லை. புருஷன் போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது, அவன் உயிரோடு பார்சிலோனாவில் வேறொருத்தியோடு இருக்கிறான். ஆனால் எனக்குக் கடை இருக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் யாராவது உள்ளே வந்து காபி சரியில்லை என்றாவது சொல்வார்கள். இந்த மனுஷனுக்கு ஜன்னல்தான் இருந்தது.

மேற்கே மேகம் கறுத்தது. நல்ல சாக்கு கிடைத்தது என்று பிடித்துக்கொண்டேன். "மழை வரும்போல இருக்கு. கல்தொட்டிய இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம். முடிஞ்சதுன்னு நான் எழுதிடுறேன்."

"பாக்காம எழுதுவியா?"

"எழுதுவேன். யாரு வந்து பாக்கப்போறா?"

இலைகள் குவிந்த அன்று என் அப்பாவைப் பார்த்த அதே பார்வை. "குறிச்சாச்சு. போகணும்" என்று எழுந்தார்.

கல்தொட்டி முனைக்கு வந்தபோது தூறல் தொடங்கிவிட்டது. தொட்டியின் சுவரில் அந்த அம்பு. பளிச்சென்று இருந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்று இரண்டு பூச்சுப் பூசியிருந்தார். மேல் கிளை குட்டை, கீழ்க் கிளை நீளம். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கொடிகளைப் பார்த்தேன். அவர் சாம்பல் டப்பாவைக் கீழே வைத்தார், திறக்கவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து தடிகள் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு பெண், அறுபதைத் தாண்டியவள், பெரிய பை, ஒரு முழங்காலில் கட்டு. பேச்சைக் கேட்டதும் சிலி நாட்டுக்காரி என்று தெரிந்தது. நம் பாஷையைப் பாட்டுப்போல இழுத்துப் பேசினாள்.

"ஐயா, இந்த அம்பு வலதுபக்கம் காட்டுது. போன்ல பாத்தா நேரா போகச் சொல்லுது. எது சரி?"

பெலார்மினோ அவளைப் பார்த்தார். அவள் பையைப் பார்த்தார், நனைந்த தொப்பியைப் பார்த்தார். இவளோ அவர் பாஷையே பேசுகிறவள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் அவர் சொல்வது முழுக்கப் புரியும், பதிலும் சொல்வாள். அது அவர் மனதில் ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். வலதுபக்கம் என்று நானே சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தேன். பிறகு அவர் பார்வை அவளுடைய முழங்காலுக்கு இறங்கியது. அங்கேயே நின்றது.

"நேரா போங்க" என்றார். "வில்லாஃப்ராங்கா நாலு கிலோமீட்டர்தான். அந்தப் பக்கம் ஏத்தம், சுத்து."

"அப்ப இந்த அம்பு?"

"பொய்."

"யாரு போட்டாங்க? கடைக்காரங்களா? வழி பூரா இதே வேலையாப் போச்சு, வெக்கங்கெட்ட ஜனங்க!"

நான் நோட்டில் எதையோ தேடினேன்.

"கடை இல்லம்மா. அந்தப் பக்கம் ஒருத்தன் தனியா இருக்கான். வீட்டு முன்னால யாராவது போகட்டும்னு போட்டுட்டான்."

அவள் சிரித்தாள். கெட்ட சிரிப்பில்லை, கால் வலிக்கிறவள் சிரிக்கிற சிரிப்பு. "அந்தாளை ஒரு நாய் வளக்கச் சொல்லுங்க!"

"சொல்றேன்" என்றார் பெலார்மினோ.

அவள் போய்விட்டாள். தடிச் சத்தம் ரோட்டு வளைவுவரை கேட்டது. அவர் டப்பாவைத் திறந்தார். நுனியிலிருந்து தொடங்கினார், பிறகு தண்டு, பிறகு குட்டைக் கிளை, கடைசியில் நீளக் கிளை. மழைத்துளி படாமல் இடது கையால் மறைத்துக்கொண்டே பூசினார். அவர் தோள் வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் எழுதினேன்: கல்தொட்டி முனை. மூடப்பட்டது. யார் போட்டது என்ற இடத்தை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினேன். அவர் படித்தார். என் கையிலிருந்து பேனாவை வாங்கி, விட்டுப்போன இடத்தில் தன் முழுப் பெயரையும் எழுதினார்.

"காலியா விடக்கூடாது" என்றார். பிறகு, "உனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"பிப்ரவரி."

தலையாட்டினார். "கூட்டத்துல நீ சொன்னது நல்லதுதான். நானா அழிச்சிருக்க மாட்டேன்."

ஒரு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நோட்டை மூடினேன்.

மஞ்சள் டப்பாவையும் பிரஷ்ஷையும் என் கையில் கொடுத்தார். "இன்னும் மூணு அம்பு இருக்கு. நீ போட்டுடு, உன் கை நல்லா வரும். நான் வீட்டுக்குப் போறேன்." அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் பாதியில் விட்டுப் போனதில்லை. சாம்பல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, அம்பு இல்லாத சந்தில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

நாலு கிலோமீட்டர் தனியாக நடந்தேன். மழை கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. ரோட்டில் ஒன்றிரண்டு கார்கள் போயின. சிலிக்காரி எங்கேயோ முன்னால் போயிருந்தாள், கண்ணில் படவில்லை. மூன்று அம்புகளையும் போட்டேன். நேராக வந்தன. என் வாழ்க்கையில் நான் போட்ட உண்மையான அம்புகள் அவைதான். அதைச் சொல்லிச் சிரிக்க ஒரு ஆள் பக்கத்தில் இல்லை. காலையில் அந்த மனுஷனின் மௌனம் தாங்கவில்லை என்று இருந்தேனே, இப்போது அதுவாவது இருந்தால் தேவலை என்று இருந்தது. எங்கள் தோட்டங்கள் இவ்வளவு பெரியவை என்றே எனக்குத் தெரியாது. எத்தனை வரிசை கடந்தாலும் அடுத்த மேட்டில் அதே வரிசைகள், ஆளே இல்லை.

வில்லாஃப்ராங்காவில் வால்மொராலுக்குப் போகும் மூன்று மணி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. வந்த வழியே திரும்பி நடந்து, சந்து பாதையில் வந்து சேருகிற இடத்தில் அதற்குள் நுழைந்தேன். டப்பாவையும் பிரஷ்ஷையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சங்கத்தில் கொடுத்தாலும் போதும் என்பது தெரியாமலில்லை.

வீட்டைப் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. வாசலில் பெஞ்சு. பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் தட்டில் எட்டு டம்ளர்கள், கழுவிக் கவிழ்த்து வைத்தவை. மழைநீர் அவற்றின் மேல் நின்றிருந்தது. நான் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. ஜன்னலில்தான் இருந்திருக்கிறார்.

"என்ன தெல்ஃபினா, வழி தப்பிட்டியா?"

"இல்ல."

"ரோட்டுக்குப் போகணும்னா இந்த வேலியை ஒட்டியே கீழ இறங்கு. கல்தொட்டி வரும். அங்கேருந்து உன் ஊரு அரைமணிதான்." தோள் விட்ட அளவுக்குக் கையைத் தூக்கிக் காட்டினார்.

"வழி எனக்குத் தெரியாதா? இந்த ஊர்லதானே பொறந்தேன்."

"அப்ப எங்க போகணும்?"

"எங்கயும் இல்ல. இங்கதான் வந்தேன்."

அவர் நிலைப்படியிலேயே நின்றார். தூக்கிய கையை இறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், எனக்குப் பின்னால் சந்துப் பக்கம் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாக, எனக்கு ஏமாற்றமாகப் போய்விடுமே என்பதுபோலச் சொன்னார்.

"பெனில்தே இல்லையே."

"தெரியும்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் வாசலை விட்டு நகர்ந்தார்.